கழுகார் ஒப்பித்த கடைசி வரி

மருதங்காட்டில் கண் வைத்தியர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. காடு முழுவதற்கும் அது ஒன்றுதான். குளக்கரை மருத மரம்தான் அதன் அலுவலகம், வைத்தியசாலை எல்லாம். உச்சிக் கிளையில் தலைவர் கழுகார். அடுத்த கிளையில் செயலாளர் ஆந்தையம்மா. கண்ணில் விழுந்த தூசியும் முள்ளும் எடுக்க மீன்கொத்தி, பச்சிலை பிழிய அணில், வரிசையை ஒழுங்காக நிறுத்த நாரை.

சங்க எல்லைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது முதல் விதி. வைத்தியத்துக்கு வந்தவர் விருந்தாகிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்?

இரண்டாவது விதி இன்னும் கண்டிப்பானது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் வைத்தியர்களுக்கும் கண் பரிசோதனை உண்டு. ஒரு மரப்பட்டையில் காலடித் தடங்கள் வரைந்திருக்கும். மேலே யானைத் தடம் பெரிதாக. கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரியில் பொடிப்பொடியாக இருக்கும். பட்டையை அலகுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிக்க வேண்டும். கடைசி வரி தெரியாதவர் அடுத்தவர் கண்ணில் அலகு வைக்கக் கூடாது.

அந்த ஆண்டு கழுகாருக்குக் கடைசி வரி தெரியவில்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டது. வானத்திலிருந்து பார்த்தால் குளத்தில் தவளை துள்ளுவது தெரியும். மூக்குக்கு நேரே இருப்பதுதான் மங்கல். ஆனால் வாயைத் திறந்ததும் வரி தானாக வந்தது.

"எலி, பல்லி, ஓணான், எறும்பு."

வருகிறவர்களுக்கெல்லாம் அதே பட்டையைக் காட்டிக் காட்டி அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது!

"தலைவர் கண்ணுன்னா கண்ணுதான்" என்றாள் ஆந்தையம்மா.

கழுகாருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உச்சிக் கிளையை இழப்பது அதைவிட வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நுணுக்கமான வேலை எது வந்தாலும், "மீன்கொத்தி, நீ பண்ணு. உனக்கும் கை பழகணும்ல" என்று நழுவினார். 'தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு!' என்று எல்லோரும் மெச்சினார்கள். மெச்ச மெச்ச அவருக்கு உறக்கம் கெட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறு எப்படி இறங்கும்?

ஒரு காலை, புள்ளிமான் ஒருத்தி தன் குட்டியை அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குட்டியின் கண்ணோரத்தில் இலந்தை முள் குத்தி நின்றது. மீன்கொத்தி முன்னால் வந்தான்.

"உன்னை நம்பலைன்னு நெனைக்காதப்பா" என்றாள் மான். "இவனுக்கு ஒரு கண்ணு பொறந்தப்பவே இல்ல. இருக்கறது இது ஒண்ணுதான். தலைவர் கையாலதான் எடுக்கணும்."

கழுகார் இறங்கி வந்தார். வேறு வழியில்லை. குனிந்து பார்த்தார். ஒரு முள் இரண்டாகத் தெரிந்தது. இன்னும் குனிந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. கண்மணியும் கறுப்பு, முள்ளும் கறுப்பு.

"ஆடாம நில்லுடா" என்றாள் மான்.

"எனக்குப் பயமா இல்லம்மா. இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றது குட்டி.

கழுகாரின் அலகு அப்படியே நின்றது. ஒரு கிளைக்காக இந்தப் பிள்ளையின் கண்ணையா பறிப்பது?

"எனக்கு முள்ளு தெரியல" என்றார்.

தூக்கிய காலைக் கீழே வைக்க நாரைக்கு மறந்துபோனது.

"போன மாசம் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே, தலைவரே?" என்றாள் ஆந்தையம்மா.

"படிக்கல, ஒப்பிச்சேன். பதவி போயிடுமேன்னு பயம். மீன்கொத்தி, நீ வா. உன் அலகுதான் சன்னம். அவன் கண்ணு கூசாம நான் றெக்கையால வெயிலை மறைச்சுக்கறேன்."

றெக்கை நிழலில் மீன்கொத்தி குனிந்தான். ஒரே இழுப்பு! முள் வந்துவிட்டது. அணில் பச்சிலைச் சாற்றைச் சொட்டு விட்டது. குட்டி கண்ணை மூடிக்கொண்டது.

மெல்லக் கண் திறந்தது.

"அம்மா, உன் மூக்குல ஈ உக்காந்திருக்கு!"

மான் அழுதுகொண்டே சிரித்தாள். கழுகாருக்கு, இத்தனை நாளும் காலில் கட்டிக்கொண்டு பறந்த கல் அறுந்து விழுந்த மாதிரி இருந்தது.

"உச்சிக் கிளையை மீன்கொத்திக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

ஆந்தையம்மா தொண்டையைச் செருமினாள். "பகல்ல எனக்கு என்ன தெரியும், தலைவரே? நானும் ஒப்பிச்சதுதான்."

"நானும்" என்றது நாரை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வானேன்? பழைய பட்டையை அன்றைக்கே குளத்தில் எறிந்தார்கள். இனி ஒவ்வொரு பரிசோதனைக்கும் அணில் புதுத் தடங்கள் வரையும் என்று முடிவானது. ஆந்தையம்மா இரவு வைத்தியத்துக்கு மாறினாள்.

"அவ்வளவு உசரம் எனக்குத் தலை சுத்தும்" என்றான் மீன்கொத்தி. "கிளையில நீங்களே இருங்க. தூரத்துல தட்டுத் தடுமாறி வர்றவங்களைப் பாத்துச் சொல்லுங்க, நாரை போய்க் கூட்டிட்டு வரட்டும். முள்ளை எங்ககிட்ட விட்டுடுங்க."

அன்று கழுகார் நன்றாக உறங்கினார்.

தன் குறையை மறைக்கும் தலைவன் நம்பி வந்தவர் கண்ணையும் கெடுப்பான். அதைச் சொல்லிவிடும் தலைவனுக்கோ கூட இருப்பவர் கண்ணெல்லாம் துணைக்கு வரும்.