கழுதைக்கு எந்த எழுத்து?

மலையடி மடத்தில் பூவராகன் காலையிலிருந்து ஓர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மடத்துக்கு வருமுன் ஓர் ஆங்கில நாளிதழில் பிழை திருத்தியவர் அவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சோறு இறங்காது. அம்பலச் சாமியிடம் சீடராகச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் விட்டபாடில்லை. குருவுக்கும் சீடருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

மடத்தில் ஒரு கழுதை இருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வருவது அதன் வேலை. கூடவே நடந்து வருவது பூவராகனின் வேலை. இப்போது மோட்டார் வந்துவிட்டது. கழுதையைப் பிராணிகள் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று சாமி சொன்னபோது, "ஆகட்டும் சாமி" என்றார் பூவராகன். வீடு வாசலையெல்லாம் விட்டு வந்தவன், ஒரு கழுதையை விடமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

காப்பகத்தை நடத்துகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கழுதையின் குணத்தை இங்கிலீஷில் எழுதி, கழுத்தில் கட்டி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வேன் வந்து வாசலில் நின்றும் அட்டையில் முதல் வரி முடியவில்லை.

சாமி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, புராணமா எழுதுறே?"

"ஒரு சந்தேகம் சாமி. கழுதைக்கு முதல் எழுத்து பெருசா, சின்னதா?"

"உங்க இங்கிலீஷ்ல அதுக்கு ஒரு சட்டம் இருக்குமே?"

"இருக்கு. பேருக்குப் பெரிய எழுத்து, இனத்துக்குச் சின்ன எழுத்து. வங்காளப் புலின்னு எழுதினா வங்காளத்துக்குப் பெருசு, புலிக்குச் சின்னது."

"அடப் பாவமே! ஊருக்கு இருக்கிற மரியாதை புலிக்கு இல்லையா?"

"அந்தப் புலிக்கே மாரின்னு பேர் வச்சா, மாரிக்குப் பெருசு சாமி."

"உன் பேருக்குள்ள ஒரு பன்றி இருக்கே, வராகம்னு. அதுக்கு?"

பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. "என் பேருக்குப் பெருசுதான் சாமி."

"அப்புறம் என்ன குழப்பம்?"

"நாம இதுக்குப் பேரே வைக்கலை. கழுதை, கழுதைன்னேதான் கூப்பிட்டோம். இத்தனை நாளும் இனத்தைச் சொல்லிக் கூப்பிட்டோமா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டோமான்னு தெரியலை."

சாமி எழுந்து முற்றத்துக்குப் போனார். வேனுக்குப் பக்கத்தில் டிரைவர் கயிறும் கையுமாக நின்றார். கழுதை வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. பூவராகன் மறுபடி அட்டையின் மேல் குனிந்தார்.

"ஏ கழுதை!" என்று கூப்பிட்டார் சாமி.

வேலியோரம் கழுதை தலை தூக்கியது. "சாமி?" என்று இந்தப் பக்கம் பூவராகன் எழுந்து நின்றார். கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் சாமி அவரைக் கூப்பிடுவது அப்படித்தான்.

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு தலை திரும்புச்சு" என்றார் சாமி. "நான் கூப்பிட்டது இனத்தையா?"

கழுதை மெல்ல நடந்து பூவராகனிடம் வந்தது. குடம் ஏற்றுவதற்கு நிற்பதுபோல் விலாவைக் காட்டி நின்றது.

"நேரமாகுது சாமி" என்றார் டிரைவர். "அட்டையைக் கட்டிடலாமா? தப்பு இருந்தா அவங்க திருத்திக்குவாங்க."

பூவராகன் பேனாவை மூடினார். கை தன்னால் கழுதையின் பிடரிக்குப் போனது.

"இது போக வேண்டாம் சாமி."

"ஏன்?"

"என்னால முடியலை."

சாமி டிரைவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"இதைச் சொல்லத் தமிழே போதுமேப்பா" என்றார். "அதுல பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது."