கொடும்பாவியை உளவு பார்த்தவன்

ஒரே ஒரு சீமையில ஒரே ஒரு ராசா இருந்தாராம். ஏலே, கால மடக்கி உக்காரு, ராசா வாராரு, நீ பாட்டுக்கு நீட்டிக்கிட்டுக் கெடக்க. அந்த ராசாவுக்கு மீசைன்னா மீசை, ரெண்டு காதையும் தொட்டுக்கிட்டு நிக்கும். அவரு அரமன ஆத்தங்கரையில இருந்துச்சு, அந்த ஆறு எந்தக் கோடையிலயும் வத்தினதே இல்ல, அதனால அந்த ஊர்க்காரகளுக்கு மழை பொய்ச்சா என்ன ஆகும்னே தெரியாது.

அந்த ராசாவுக்கு ஒரு கிறுக்கு. உலகத்து அறிவெல்லாம் தன் அரமனைக்குள்ளயே இருக்கணும்னு கிறுக்கு. அதுக்கு மூணு பேர வச்சிருந்தாரு. ஒருத்தர் பண்டிதர், காதுல ஒருக்கா விழுந்தாப் போதும், ஏடு ஏடா ஒப்பிச்சிருவாரு. ஒருத்தர் மந்திரி, எந்த விடுகதையப் போட்டாலும் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள அவுத்துருவாரு. இன்னொருத்தன் உளவுக்காரன், பேரு பெத்தபெருமாள். எந்த வீட்டுல என்ன கொழம்பு, எவன் ராசாவ என்ன சொல்லி வஞ்சான், எல்லாத்தையும் பெறக்கிக்கிட்டு வந்து கொட்டிருவான். "ஞாபகமும் என்கிட்ட, யூகமும் என்கிட்ட, உளவும் என்கிட்ட, என்னைய எவன் அசைக்க முடியும்?"னு ராசா மீசையத் தடவிக்குவாரு.

இது இப்படி இருக்க, அந்தச் சீமையோட கடேசிக் கோடியில ஒடைமரத்தூர்னு ஒரு ஊரு. அங்க இருளாயின்னு ஒருத்தி, அவ புருசன் சடையன். அந்த வருசம் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு, ஒரு பொட்டு மழை இல்ல. கெணறு வத்துச்சு, கம்மா வத்துச்சு, மாட்டு மடியும் வத்துச்சு. ஊர்க்காரக எல்லாரும் கூடி, மழைச்சோறு எடுத்து, கொடும்பாவி கட்டி இழுத்துருவோம்னு முடிவு பண்ணுனாக.

மழைச்சோறு உங்களுக்கு எங்க தெரியப் போகுது, கொழாயத் தொறந்தா தண்ணி வருது. பொம்பளைக எல்லாம் சட்டியத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி கஞ்சி வாங்குவாக. அதக் கம்மாய்க்குள்ள கொண்டு போயி வச்சு உப்பில்லாமக் குடிப்பாக. குடிச்சுட்டு, "மழையும் இல்ல, தண்ணியும் இல்ல, நாங்க ஊர விட்டே போறோம்"னு வானத்துக்குக் கேக்குற மாதிரி கத்தி அழுவாக. சும்மாதான், எங்கயும் போகமாட்டாக. அது வானம் எரக்கப்படட்டும்னு. அடுத்து, யாரோ ஒரு பாவி செஞ்ச பாவத்துலதான் மழை நின்னு போச்சுன்னு, வைக்கோல்ல ஒரு ஆள் உருவம் கட்டி, கால்ல கயிறு போட்டுத் தெருத்தெருவா இழுத்துக்கிட்டுப் போயி, மாரடிச்சு ஒப்பாரி வச்சு, ஊரு எல்லையில கொளுத்துவாக.

அன்னைக்கின்னு ஒரு வளையக்காரன் ஊருக்குள்ள வந்தான். இருளாயிதான் அவனக் கூப்பிட்டு, "கஞ்சி குடிச்சிட்டுப் போண்ணே"ன்னா. ஒரு வாய் குடிச்சவன் மூஞ்சியச் சுளிச்சான்.

"ஏந்தாயி, உப்பு ஏன் போடல?"

"மழைக்கஞ்சிண்ணே. உப்புப் போட்டா மழை வராதும்பாக. மழை வரட்டும்னுதான் இந்தப் பாடெல்லாம்."

"அப்படியா சங்கதி"ன்னு சட்டிய வழிச்சுக் குடிச்சான். சடையன் அந்த வைக்கோல் உருவத்துக்கு மீசை வரைஞ்சு, தலையில செவப்புத் துணி சுத்தி, தெருவுல இழுத்தான், அதையும் வளையக்காரன் நின்னு பாத்தான். போயிட்டான்.

மூணு நாளாத் தெருத்தெருவா இழுக்குறாக, கொடும்பாவி இன்னும் எல்லைக்கே போகல, தடதடன்னு குதுர வந்துச்சு. குதுர மேல ராசா ஆளுக.

"இந்த உருவத்தக் கட்டுனவன் எவன்டா?"

சடையன் பாவம், வெகுமதி தரத்தான் வந்திருக்காகன்னு நெனச்சு, "நாந்தான் சாமி, மீசை வரைஞ்சதும் நாந்தான்"னு நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போயி நின்னான். அவ்வளவுதான்! கையப் பின்னால கட்டி, குதுரையில தூக்கிப் போட்டு, கொடும்பாவியையும் சேத்துக் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. இருளாயிக்கு அழக்கூட வாய் வரல. ஒப்பாரி வச்ச வாய் தொறந்தது தொறந்தபடி நின்னு போச்சு. "அட ஆத்தா, என்னத்துக்குப் பிடிக்கிறாக? என்ன குத்தம் செஞ்சாரு?"ன்னு அவ கேட்டு முடிக்கிறதுக்குள்ள புழுதிதான் மிச்சம்.

அவ கட்டுன சீலையோட கெளம்பி ஓடுனா. ஓடி, நடந்து, விழுந்து, எந்திரிச்சு, ஆத்தங்கரைக்கு வந்து சேந்தா. அரமன வாசல்ல காவக்காரன்.

"ஐயா, எம் புருசன என்னத்துக்குப் பிடிச்சாக?"

"அவனா? ராசா மாதிரியே பொம்ம கட்டி, பொணமாக்கி, தெருவுல இழுத்து ஒப்பாரி வச்சவந்தானே? பெத்தபெருமாள் ஐயா வளையக்காரனா வேசம் கட்டிப் போயி, எல்லாத்தையும் கண்ணாலயே பாத்துட்டாரு. மந்திரி ஒடனே அவுத்துட்டாரு: மீசைன்னா ராசா, செவப்புத் துணின்னா ராசா தலப்பாகை, ஊர விட்டுப் போறோம்னா எதிரி நாட்டோட சேரப் போறாகன்னு. பண்டிதரு சட்டத்த ஒப்பிச்சாரு, ராச துரோகிக்குக் கழுமரம்னு. சாயங்காலம் தண்டோரா நிக்கும்போது அவனக் கழுவுல ஏத்துறாக."

இருளாயிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. அந்த வளையக்காரனா? எங்கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவனா? நாந்தானே மழைக்குன்னு வாயத் தொறந்து சொன்னேன்! அட படுபாவி! தூரத்துல டம் டம்னு தண்டோரா அடிக்கிற சத்தம் மட்டும் கேக்குது.

"ஐயா, ராசாகிட்ட நாயம் கேக்கணும்"னா. "நாயத்துக்கு வாசல் இல்ல, போ"ன்னான். "ஐயா, கால்ல விழுந்து அழுதுட்டாவது வாரேன்"னா. "அழுகைக்கும் வாசல் இல்ல, போ"ன்னான்.

இருளாயி மதிலச் சுத்திக்கிட்டுக் கொல்லப்பக்கம் போனா. அங்க வேலைக்காரப் பொம்பளைக துணி அலசிக்கிட்டு இருந்தாக. அவுகளோட ஒருத்தியா உக்காந்தா. போற வாரவுகளப் பாத்தா, கொல்லக் கதவு வழியா உள்ள என்ன நடக்குன்னு பாத்தா, பொம்பளைக பேசுனதயும் கேட்டா. கேக்கக் கேக்க அவ மூஞ்சி மாறிப் போச்சு. எந்திரிச்சு, வெறுவெறுன்னு வாசலுக்கு வந்தா.

"ஐயா, ராசா உசுருக்கு ஆபத்து. உளவு கொண்டாந்திருக்கேன்."

அம்புட்டுத்தான். கதவு படார்னு தொறந்துச்சு! பாத்தியளா கூத்த, நாயத்துக்குத் தொறக்காத கதவு கோளுக்குத் தொறக்குது.

சபையில ராசா உக்காந்திருந்தாரு, பக்கத்துல அந்த மூணு பேரும். நடுவுல கொடும்பாவியப் படுக்கப் போட்டிருக்காக. பெத்தபெருமாள் அவளப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

"சொல்லு பொம்பள, என்ன கண்ட?"

"ராசா, கண்ணால கண்டத, காதால கேட்டத மட்டும் சொல்லுறேன். ஒரு கெழவன், தெனமும் விடியால கொல்லப்பக்கமா வாரான். துணிக்குள்ள கத்திய மறைச்சு வச்சிருக்கான். ஒங்க தலைய ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கத்திய ஒங்க கழுத்துல வைக்கிறான்."

ராசா பதறிப் போயித் தொண்டையத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. "என் கழுத்துலயா! பிடிங்கடா அவன!"

"இன்னும் இருக்கு ராசா. ஒங்க கைப்பிள்ளைய ஒரு கெழவி உடுப்ப உருவிட்டு, கால்ல குப்புறப் போட்டு அமுக்கி, மூச்சுமுட்டத் தண்ணிய ஊத்துறா. மூக்கப் பிடிச்சு நசுக்குறா. பிள்ள வீல் வீல்னு கத்துது, சுத்தி நிக்கிற பொம்பளைக சிரிக்கிறாக."

"அடப்பாவிகளா! என் பிள்ளையா!" ராசா சிம்மாசனத்த விட்டு எந்திரிச்சுட்டாரு. மந்திரி உடனே, "வாரிச ஒழிச்சுட்டு அரியணையப் பிடிக்கத் திட்டம்"னு அவுத்துட்டாரு. பண்டிதரு, "சிசுவத்திக்குச் சிரச்சேதம்"னு ஒப்பிச்சுட்டாரு.

"இன்னும் இருக்கு ராசா. சொல்ல வாய் கூசுது. நீங்க அசந்து உக்காந்திருக்கும்போது ஒங்க ராணியே கையில எதையோ பொத்திக்கிட்டு, ஒங்க தலையச் சுத்தி மொணமொணன்னு மந்திரம் சொல்லி, மூணு தடவ துப்பி, நெருப்புல போடுறாக. படபடன்னு வெடிக்குது."

"ராணியுமா?"ன்னாரு ராசா. பெத்தபெருமாள் மூஞ்சி வெளிறிப் போச்சு, தனக்குத் தெரியாம அரமனைக்குள்ளயே இம்புட்டா! "மூணு பேத்தையும் இழுத்துட்டு வாங்கடா!"ன்னு ராசா கத்துன கத்துல தூணே அதிருது.

இழுத்துக்கிட்டு வந்தாக. முதல்ல வந்தது யாருங்கிறீக? நாவிதக் கெழவன், சவரக்கத்தி வைக்கிற அடப்பத்த இடுக்கிக்கிட்டு. "தாடி வளந்துருச்சே ராசா, வழிக்க வேண்டாமா?"ன்னு நடுங்குறான். ரெண்டாவது, ஈரச் சீலையோட மருத்துவச்சிக் கெழவி. இடுப்புல பிள்ள சாம்பிராணி மணக்கச் சிரிக்குது. "குளிப்பாட்டுனேன் ராசா. மூக்க நீவி விட்டாத்தானே எடுப்பா இருக்கும்?"னா. மூணாவது ராணி, கையில உப்பும் மொளகாயும். "நேத்துப் பவனி போயி ஊர்க்கண்ணு பூரா ஒங்க மேலதான். சுத்திப் போட்டேன், அது குத்தமா?"ன்னு கண்ணக் கசக்குறாக.

இருளாயி முன்னால வந்தா.

"ராசா, நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய் உண்டா?"

"இல்ல."

"கண்டதையும் கேட்டதையுந்தானே சொன்னேன்?"

"ஆமா."

"அந்த ஏன்ங்கிறத மட்டும் எடுத்துட்டேன். அத எடுத்ததும் நாவிதன் கொலைகாரன் ஆயிட்டான், மருத்துவச்சி பிசாசு ஆயிட்டா, ராணி சூனியக்காரி ஆயிட்டாக. எங்க ஊரையும் இப்படித்தான் ஒங்க ஆளு வந்து சொன்னான். இது நீங்க இல்ல ராசா, இது கொடும்பாவி. மழைக்காகக் கட்டுனது. தண்ணி இல்லாம எங்க மாடு சாகுது, அதுக்கு அழுதோம். அந்த அழுகைக்கு எம் புருசனக் கழுவுல ஏத்துறாகளே, அந்தா தண்டோரா நிக்கப் போகுதே ராசா!"

"மழைக்கா?"ன்னாரு ராசா. ஆத்தங்கரைக்காரரு, அவருக்கு இது புதுசு. நல்ல வேளை, அடுத்த மூச்சுல குதுரைய விரட்டச் சொன்னாரு. குதுர போயிச் சேரவும் தண்டோரா நிக்கவும் சரியா இருந்துச்சு. சடையன் உசுரோட வந்து சேந்தான். இருளாயி அவன் மொகத்தத் தடவிப் பாத்து, கையத் தடவிப் பாத்து, அதுக்கப்புறந்தான் ஓன்னு அழுதா.

ராசா பெத்தபெருமாள் பக்கம் திரும்புனாரு. "மழைக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது மகராசா. சத்தியமாத் தெரியாது. ஒருத்தரும் சொல்லல."

"பொய்! எங்கையால கஞ்சி குடிச்சு, உப்பு ஏன் இல்லன்னு கேட்டியே, நான் சொன்னேனே!"ன்னு இருளாயி கத்துனா.

"பட்டிக்காட்டுப் பொம்பள பேச்ச நம்பாதீக மகராசா"ன்னான்.

அந்த ராசா சும்மா ஆளா? அவரு ஒருத்தரையும் நம்புனதில்ல. கைய ஒரு தட்டுத் தட்டுனாரு. தூணுக்குப் பின்னால இருந்து ஒரு ஆள் வந்தான், சாணக்கூட சொமக்கிறவன் மாதிரி. அவந்தான் உளவுக்காரனையே உளவு பாக்க ராசா வச்ச ஆளு! பெத்தபெருமாளுக்குப் பாதி உசுரு அப்பவே போச்சு.

"ஆமா ராசா, கேட்டாரு, அந்தம்மா சொல்லுச்சு, 'அப்படியா சங்கதி'ன்னு சட்டிய வழிச்சுக் குடிச்சாரு. வர்ற வழியில தனக்குத்தானே பேசிக்கிட்டாரு, 'வெறுங்கையோட போனா எனக்கு மதிப்பு இருக்காது'ன்னு."

"அப்ப இத எங்கிட்ட ஏன்டா நீ சொல்லல?"

"நீங்க கேக்கலையே ராசா."

ராசாவுக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. பெறகு பெத்தபெருமாளக் காட்டி, "இவனுக்கு என்ன தண்டன? நீயே சொல்லு தாயி, கழுமரமா?"ன்னாரு.

"எதுக்கு ராசா? எங்க ஊர்ல கொடும்பாவி பாதியில நிக்குது, கட்டுனத ஒங்க ஆளுக தூக்கிக்கிட்டு வந்துட்டாக. மழைய நிறுத்துன பாவி யாருன்னு தெரியாமத்தான் வைக்கோல்ல கட்டுனோம். இப்பத்தான் ஆளு கெடச்சாச்சே"ன்னா.

அப்புறம் என்ன! ஒடைமரத்தூருக்குக் கொண்டு போயி, பனமட்டையில உக்கார வச்சு, இடுப்புல கயிறு போட்டு, ஊரு பூரா இழுத்தாக. பிள்ளைக ஓடி ஓடி இழுக்குதுக, பொம்பளைக அவன் மூஞ்சிக்கு நேராவே மாரடிச்சு, "எங்க கஞ்சியக் குடிச்ச பாவி, எங்க தாலிய அறுக்க வந்த பாவி"ன்னு ஒப்பாரி வைக்கிறாக, உசுரோட இருக்கும்போதே தன் ஒப்பாரியத் தன் காதாலயே கேட்டான். எல்லையில தீப்பந்தத்தப் பாத்ததும் கண்ணு சொருகி மயங்கிட்டான். எறக்கிப் போட்டுட்டு வைக்கோலத்தான் கொளுத்துனாக. முழிச்சவன் எந்திரிச்சு ஓடுனான், ஓடுனான், எந்தச் சீமைக்குப் போனான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. மழையா? பேஞ்சுச்சு, பேஞ்சுச்சு, வானம் என்ன ராசாவா, அதுக்குக் காது கேக்கும்.

கொஞ்ச நாள் கழிச்சு, புது உளவுக்காரன் மூச்சிரைக்க ஓடி வந்து, "மகராசா, கொடும! ஒரு ஆத்தாக்காரி பெத்த பிள்ளைய மொறத்துல போட்டு, ஒரு படித் தவிட்டுக்கு வித்துட்டா, எங்கண்ணால பாத்தேன்"ன்னான். ராசாவுக்குக் கை வாளுக்குப் போயிருச்சு. மந்திரி அவுக்க வாயத் தொறந்தாரு, பண்டிதரு ஒப்பிக்க வாயத் தொறந்தாரு. ராசா ரெண்டு பேத்தையும் கையால அமத்திட்டு உக்காந்தாரு.

"ஏன் வித்தான்னு அவகிட்ட கேட்டியா?"

"இல்ல மகராசா."

"போயிக் கேட்டுட்டு வா."

போயிக் கேட்டுட்டு வந்தான். வந்தவன் ராசா மூஞ்சியப் பாக்க முடியாமத் தரையப் பாத்துக்கிட்டுச் சொன்னான். "அவளுக்கு இதுக்கு முன்னால பெறந்தது ஒண்ணும் உசுரோட தக்கலையாம் மகராசா. இதாவது தக்கட்டும், எமன் கண்ணுக்கு இது எம்பிள்ள இல்லன்னு இருக்கட்டும்னு, பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு வித்தாளாம். பிள்ள பெத்தவ மடியிலதான் பால் குடிச்சுக்கிட்டு இருக்கு."

ராசா வாள உருவல. அம்மாம் பெரிய மீசைக்காரரு, பிள்ள கணக்கா விசும்பி விசும்பி அழுதாராம்.

அதனாலதான் சொல்லுறேன், ஒப்பிக்கிறதும் புத்திதான், அவுக்குறதும் புத்திதான், பாத்துட்டு வந்து சொல்லுறதும் புத்திதான். ஆனா சம்பந்தப்பட்டவன் வாயால ஏன்னு கேட்டுக்கிறதுக்குத்தான் மனுசப் புத்தின்னு பேரு. கேக்காதவன் கையில எந்தப் புத்தியும் கத்தியாத்தான் இருக்கும்.

கதை ஒடைமரத்தூருக்குப் போயிருச்சு, உறக்கம் நம்ம ஊருக்கு வந்துருச்சு, பாயி காத்துக் கெடக்கு, போங்க.