ஆறு இலக்கமும் ஒரு சவரமும்

என் சலூனில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. நல்ல புளுகாக ஒன்று சொன்னால் வரிசையைத் தாண்டி நாற்காலியில் ஏறலாம். சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டால் கடைசிக்குப் போகவேண்டும். அவசரம், ஆஸ்பத்திரி என்பதெல்லாம் செல்லாது. எல்லாருக்கும் அவசரம்தான்.

அன்று ஒன்பதரைக்கு வீரபாகு அண்ணாச்சி நாலு நாள் தாடியோடு வந்தார். பதினோரு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவர் சம்சாரம் காலையிலேயே எனக்குப் போன் செய்திருந்தார். பெஞ்சில் முன்னால் எட்டுப் பேர்.

"நான் ஒரு எண்ணு வளத்தேன்வே," என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "142857. குத்தாலத்துல குளிக்கையில அருவியோட வந்து தலையில விழுந்துட்டு."

"எண்ணு எப்படிவே விழும்?" முதல் ஆளாக உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் கொம்பையா கேட்டார்.

"மலை மேல எவனோ கணக்குப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். தண்ணி இழுத்துட்டு வந்துட்டு. கொண்டாந்து தொழுவத்துல கட்டினேன். அது மூணால, பதினொண்ணால, பதிமூணால மீதியில்லாம வகுபடுத எண்ணு. அந்தப் புத்தி போகுமா? விடியுததுக்குள்ள பக்கத்துல நின்ன மாட்டைப் பதிமூணா வகுத்துப் போட்டுட்டு. பதிமூணும் பால் கறந்துது."

பெஞ்சு சிரித்தது. யாரும் நகரவில்லை.

"இன்னும் கேளும். நம்ம ஊருத் தேரு தெரு முக்குல சிக்கிக்கிட்டு. ஐநூறு பேரு இழுத்தும் அசையல. என் எண்ணை வடத்துல கட்டினேன். முன்னால ஒண்ணு இழுக்க, பின்னால ஏழு தள்ள, தேரு நிலையில நிக்காம அடுத்த ஊருக்குப் போயிட்டு. ரெண்டு ஊருக்கும் இன்னைக்கும் கேஸ் நடக்கு."

"சுமாரு," என்றார் கொம்பையா.

மணி பத்தாகிவிட்டது. அண்ணாச்சிக்கு வேர்த்தது. பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அதை ரெண்டால பெருக்கினா அதே ஆறு இலக்கமும் இடம் மாறி உக்காரும். மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எதால பெருக்கினாலும் அதே ஆறு பேருதான். வெளியாள உள்ள விடாது. ஏழால பெருக்கினா மட்டும் கோவிச்சுக்கிட்டு ஆறு இலக்கமும் ஒம்பதாயிரும்."

"இது புளுகு," என்று கொம்பையா எழுந்து வழிவிட்டார். பெஞ்சு கைதட்டியது. அண்ணாச்சி நாற்காலியில் ஒரு காலை வைத்தும்விட்டார். அதற்குள் மூலையிலிருந்த கணக்கு வாத்தியார் போனில் தட்டிப் பார்த்தார். 285714. 428571. கடைசியில் 999999.

"அத்தனையும் உண்மை," என்றார் வாத்தியார்.

கொம்பையா மறுபடி உட்கார்ந்தார். "கடைசிக்குப் போம்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சட்டம் நான் போட்டது. அண்ணாச்சி தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"சத்தியமாச் சொல்லுதேன்வே. என் மகளைப் பொண்ணு பாக்கப் பதினோரு மணிக்கு வாராங்க. இந்த முகத்தோட அவங்க முன்னால எப்படி நிப்பேன்?"

கொம்பையா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மூணு வாரமா இதே புளுகைத்தான் சொல்லுதீரு, எடுபடல. இன்னைக்குத்தான் கண்ணுல தண்ணியோட வருது. ஏறும்வே, நாற்காலி உமக்குத்தான்."

நான் சட்டென்று துண்டைப் போர்த்தி சோப்பைக் குழைத்தேன்.

வாத்தியார் விடவில்லை. போனைத் தூக்கிக் காட்டி, "இதையும் ஒருதடவை சரி பாத்துருவோமா?" என்றார்.

"அந்தச் சேதியெல்லாம் போன்ல வராது சார்," என்றேன்.