துண்டு விலகிய சந்தை

ஒரு மாட்டுச் சந்தையில் ஒரு துண்டு இருந்தது. தரகர் காளியண்ணனின் தோள்தான் அதற்கு வீடு.

அந்தச் சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் கையையும் விற்பவர் கையையும் துண்டு மூடிக்கொள்ளும். உள்ளே விரல்கள் விரல்களைப் பிடித்துப் பேசும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துணி அசைவது மட்டும் தெரியும். ஆகவே துண்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒரு நாள் காலையில் கடல் கடந்து ஒரு பெண் வந்தாள், அந்த ஊர் வழக்கத்தை ஆராய. அவள் கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். "அம்மணி, இந்தப் பக்கம் நின்னா வெளிச்சம் நல்லா விழுமுங்க." முகம் துடைக்கக்கூட அன்று அவர் துண்டை எடுக்கவில்லை. படத்தில் அழுக்காகத் தெரியுமாம்.

துண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷம் இந்த ஆளோட வேர்வையைக் குடிச்சவன் நான். நேத்து வந்த உனக்கு என்னடா தெரியும்?"

"முகம் தெரியும்" என்றது கேமரா.

"முகமா! பொய் சொல்றதுக்குன்னே வெச்சிருக்கிற இடம் அது. விரல்தான் நிஜம்."

"நான் விரலைப் பார்த்ததில்லையே. அதில் என்ன நடக்கிறது? கொஞ்சம் சொல்லேன்."

"வெளியாளுக்கு எதுக்கு அதெல்லாம்?"

கேமரா பணிவாகக் கேட்டதுதான் துண்டுக்கு இன்னும் எரிந்தது.

மத்தியானம் மாரப்பன் தன் மயிலைக் காளையோடு வந்தார். வீட்டில் வைக்கோல் தீர்ந்துவிட்டது. அன்றைக்கே விற்றாக வேண்டும். கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரிக்காரர். அவர் ஏற்றிப்போன மாடு எதுவும் மறுபடி ஏர் பார்த்ததில்லை. இன்னொருவர் செங்கோடன், ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழவுக்குத் திண்டாடுகிறவர்.

காளியண்ணன் லாரிக்காரருக்காகப் பேசியபோது மாரப்பனின் விரல்கள் கூடின விலையில் ஏறி நின்று அசைய மறுத்தன. செங்கோடனுக்காகப் பேசியபோது ஒவ்வொன்றாக மடங்கி இறங்கின. 'தொடைநடுங்கி' என்று நினைத்தது துண்டு. விரலோடேயே கிடந்து பழகிய அதற்கு, நிமிர்ந்து முகம் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை.

காளியண்ணனின் கண் கேமராவிலேயே இருந்தது. கேமராவுக்குப் பின்னால் அந்தப் பெண் மூச்சைப் பிடித்து நின்றாள். துண்டை ஒருவரும் பார்க்கவில்லை.

'என்கிட்ட இருக்கிறதைக் காட்டினாத்தான் இவங்களுக்கு உறைக்கும்.'

காற்று வந்தது. எப்போதும் கையை இறுகப் பற்றிக்கொள்ளும் துண்டு அன்று பிடியை விட்டது.

செங்கோடனுக்காக மடங்கிய விரல்களோடு கைகள் வெட்டவெளியில் நின்றன.

"அடேங்கப்பா!" என்று கத்தினார் லாரிக்காரர். "எனக்கு அந்த வெலை, செங்கோடனுக்கு இந்த வெலையா? ஏனுங்க மாரப்பண்ணா, தர்மம் பண்றதுன்னா கோயில் வாசல்ல போய்ப் பண்றது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செங்கோடனின் முகம் கறுத்தது. அதுவரை அவர் அதை ஊர் விலை என்றுதான் நினைத்திருந்தார்.

"பாவம் பாத்துக் குடுக்கற மாடு எனக்கு வேண்டாமுங்க."

"செங்கோடா, நில்லப்பா..." என்றார் மாரப்பன்.

அவர் நிற்கவில்லை. காளியண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கயிறு லாரிக்காரர் கைக்குப் போனது.

துண்டு மண்ணில் மல்லாந்து கிடந்தது. அங்கிருந்து முதல்முறையாக அது மாரப்பனின் முகத்தைப் பார்த்தது.

பெண் கேமராவைத் தாழ்த்தினாள். "விரல் எனக்குக் கிடைத்துவிட்டது" என்றது கேமரா. "ஆனால் இரண்டு பேர் கை கோத்து நிற்கிறது மாதிரிதான் இருக்கிறது. இதையா பொத்தி வைத்திருந்தாய்?"

துண்டுக்கு அது காதில் ஏறவில்லை. "இந்த ஆள் ஏன் அழறான்? வெலை கூடத்தானே கிடைச்சுது?"

"லாரிக்காரர் பக்கம் திரும்பியபோது பல்லைக் கடித்தார். செங்கோடனைப் பார்த்தபோது மாட்டின் கழுத்தைத் தடவினார். எனக்கும் புரியவில்லை. அப்போது விரல் என்ன செய்தது?"

"எறங்குச்சு..." என்று ஆரம்பித்த துண்டு, பாதியில் நிறுத்திக்கொண்டது.

லாரியின் பின்கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து காளை ஒருமுறை கத்தியது.

"காலையிலேயே இதைக் கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்றது துண்டு.

"கேட்டேனே" என்றது கேமரா.