பன்னிரண்டு தளங்களும் ஒரு சங்கும்

குரு என்றதும் வெண்தாடியும் மரநிழலும் கண்முன் வந்து நிற்குமானால், அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் இசக்கியம்மாள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருகிறார். சீடர் சூசை மிக்கேலுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அதே ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர்.

தன்னைவிட இளையவரிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் சூசை மிக்கேலுக்குக் கிடையாது. ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில் இசக்கியம்மாள் பேசியதைக் கேட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார். இவர் "மேடம்" என்பார், அந்த அம்மா "சார்" என்பார். மற்றபடி குரு குருதான், சீடர் சீடர்தான்.

அந்தச் சனிக்கிழமை அவர் மடிக்கணினியோடு வந்தார். முகத்தில் ஒரே பெருமிதம்.

"மேடம், இணையத்துல உயிரியல் படிக்க எங்கெங்க போகலாம்னு ஒரு கையேடு தயார் பண்ணியிருக்கேன். மாவட்டத்துல இருக்கிற பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் எல்லாருக்கும் போகுது. திங்கக்கிழமை அனுப்பணும். நீங்க ஒரு தடவை பாத்துட்டா போதும்."

"எத்தனை தளம் சார்?"

"நூத்தி நாப்பது."

"எப்படிப் பொறுக்கி எடுத்திய?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த சங்கை ஓரமாகத் தள்ளிவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"ஒரு தளம் சொன்னா நம்பமாட்டேன் மேடம். ரெண்டு சொன்னாலும் நம்பமாட்டேன். பத்துப் பன்னிரண்டு தளம் ஒரே மாதிரி சொல்லுதா, அப்பதான் நம்புவேன். அந்தப் பன்னிரண்டையும் சேர்த்துக்குவேன்."

"அது எப்பவும் சரியா வருதா?"

"வருதே! போன மாசம் மெல்லுடலிகள் பாடம் எடுத்தேன். சங்குப் படத்தைத் திரையில போட்டேன். ஒரு பிள்ளை எந்திரிச்சு, 'சார், இந்தப் படம் தப்பு, சங்குக்கு வாய் இந்தப் பக்கம் இருக்காது'ன்னு சொல்லுது. நான் விடல. ஒண்ணு ஒண்ணா பன்னிரண்டு தளத்தைத் திறந்து காட்டினேன். எல்லாத்துலயும் அதே மாதிரிதான் இருந்தது. 'பன்னிரண்டு பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா'ன்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது."

"அப்புறம்?"

"உக்காந்துட்டா."

"அப்புறம்?"

சூசை மிக்கேல் மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அவ கேள்வியே கேக்கிறதில்ல மேடம். கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா. அவ ஒருத்திதான் கேட்டுக்கிட்டிருந்தா. இப்ப வகுப்புல சத்தமே இல்ல. எனக்கு என்னமோ போல இருக்கு." சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா படம் சரிதானே? கையேட்டுக்கு அட்டையே அந்தப் படம்தான்."

இசக்கியம்மாள் எழுந்து போய் கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டு ஒன்றை எடுத்து வந்தார். அதிலிருந்த அகர் கூழின் மீது சிவப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. சிவப்பு நிறம் தரும் ஒருவகைக் கிருமியின் கூட்டங்கள் அவை.

"சார், கையுறையைப் போட்டுக்கங்க. இதுல ஒரே ஒரு புள்ளியை மட்டும் கம்பி வளையத்தால தொடணும். அதிலிருந்தே பன்னிரண்டு புதுத் தட்டுல கோடு இழுக்கணும். வேற புள்ளி பக்கம் போகக் கூடாது."

"கையேடு மேடம்?"

"கையேடு எங்கயும் ஓடிப்போகாது."

சூசை மிக்கேலுக்குக் கோபம்தான். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இந்த அம்மா முதலாண்டு மாணவன் செய்கிற வேலையைக் கொடுக்கிறார். ஆனாலும் விளக்கில் கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சினார், ஆறவிட்டார், தொட்டார், இழுத்தார். பன்னிரண்டாவது தட்டுக்கு வரும்போது கோபம் போய்க் கை நன்றாகப் படிந்திருந்தது. தட்டுகளை இன்குபேட்டருக்குக் கொண்டுபோகப் போனார்.

"வேண்டாம். அந்தச் சூட்டுல இதுக்குச் சிவப்பு வராது. மேசையிலயே இருக்கட்டும். நாளைக்கு வாங்க," என்றார் இசக்கியம்மாள்.

மறுநாள் ஞாயிறு. சூசை மிக்கேல் பூசை முடிந்து, வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். தட்டுகள் வரிசையாக இருந்தன.

"என்ன தெரியுது சார்?"

"எல்லாம் சிவப்பு."

"பன்னிரண்டுமா?"

"பன்னிரண்டும்."

"அப்ப ஒண்ணு செய்வோம். தூத்துக்குடியில இருக்கிற கிருமி எல்லாம் சிவப்புன்னு எழுதிருவோம். பன்னிரண்டு தட்டு சொல்லுதுலா."

சூசை மிக்கேல் சிரித்தேவிட்டார். "நல்லா இருக்கே! நேத்து நான்தானே இழுத்தேன். ஒரே புள்ளியிலிருந்துலா எல்லாத்துக்கும் எடுத்தேன். பன்னிரண்டு தட்டா இருந்தா என்ன, பன்னிரண்டு சாட்சி ஆகிருமா?"

இசக்கியம்மாள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

சூசை மிக்கேலின் சிரிப்பு பாதியில் நின்றது. மடிக்கணினியைத் திறந்தார்.

பன்னிரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பின்னணி நீலம், இன்னொன்றில் வெள்ளை. ஒன்றில் அம்புக்குறி போட்டுப் பாகங்களைக் குறித்திருந்தார்கள், இன்னொன்றில் குறுக்கே தளத்தின் பெயரைப் பெரிதாக அடித்திருந்தார்கள். அவர் சங்கின் வாய் உதட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கினார். விளிம்பில் சின்னதாக ஓர் உடைசல் இருந்தது. அடுத்த படத்தைப் பெரிதாக்கினார். அதே இடத்தில் அதே உடைசல். பன்னிரண்டிலும் இருந்தது.

"ஒரே சங்கு மேடம்," என்றார்.

அப்புறம்தான் நேற்று முழங்கையால் தள்ளிய சங்கு கண்ணில் பட்டது. அதை எடுத்தார். சுருள் நுனியை மேலே வைத்து, வாயைத் தன் பக்கமாகத் திருப்பினார். வாய் வலது பக்கம் இருந்தது. படத்திலும் நுனி மேலேதான் இருந்தது, ஆனால் வாய் இடது பக்கம். கையிலிருந்ததை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். நுனி மேலே இருக்கிறவரை வாய் இடது பக்கம் போக மறுத்துவிட்டது.

யாரோ ஒருவர் எப்போதோ தன் இணையப் பக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். மற்ற பதினொரு பேரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆன அந்தச் சாதாரணச் சங்கு படத்தில் வலம்புரியாகிவிட்டது. (நுனியைக் கீழே பிடித்துப் பார்த்து வைத்த பெயர் அது; அப்போதுதான் வாய் வலப்பக்கம் வரும்.) நிஜமான வலம்புரி ஒன்று கிடைத்தால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். இங்கே பன்னிரண்டு பேருக்கும் சர்வசாதாரணமாகக் கிடைத்திருக்கிறது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உயிரியல் ஆசிரியருக்கும்தான்.

"அந்தப் பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் சூசை மிக்கேல். வெட்கம் காது வரைக்கும் ஏறியிருந்தது. "நூத்தி நாப்பதையும் அழிச்சிரட்டுமா மேடம்? புத்தகத்தை மட்டும் படிங்கன்னு சொல்லிரவா?"

"ஒரு தட்டு கெட்டுப்போச்சுன்னு ஆய்வகத்தையா பூட்டுதோம்?"

இசக்கியம்மாள் தன் கணினியைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பக்கம் அது. பார்க்கப் பழைய பாணியில், அழுது வடிந்துகொண்டிருந்தது. ஒரே சங்கை நாலு பக்கமிருந்து படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் சில வரிகள்.

"வாசிங்க சார்."

சூசை மிக்கேல் வாசித்தார். எந்தக் கடலில், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று இருந்தது. இன்ன இனம் என்று கண்டு சொன்னவர் யார் என்று இருந்தது. அதற்கும் கீழே, முதலில் வேறு பெயரில் தவறாகப் பதிந்திருந்தோம், இன்னார் எழுதிச் சொன்னபின் திருத்தினோம், வேறு பிழை கண்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று இருந்தது.

"தப்பு பண்ணினதை இவங்களே போட்டிருக்காங்களே மேடம்!"

"ஆமா."

"இதையா நம்பச் சொல்லுதிய?"

"உங்க பன்னிரண்டு தளத்துல ஒண்ணாவது தப்பு பண்ணினதாச் சொல்லியிருக்கா?"

சூசை மிக்கேல் யோசித்தார். "இல்ல."

"ஒரு தப்பும் நடக்கலையோ?"

அவர் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நூற்று நாற்பதில் முதல் தளத்தைத் திறந்தார். பக்கத்தின் அடிவரைக்கும் போனார். "இதை நேர்ல யார் பாத்தா?" என்று தனக்குத்தானே கேட்டார். "தப்புன்னா யாருகிட்ட சொல்ல?" இரண்டுக்கும் அங்கே பதில் இல்லை. அழித்தார். அடுத்ததைத் திறந்தார்.

இரண்டு கேள்விகள் கையில் வந்தபின் வேலை மளமளவென்று நடந்தது. பளபளப்பாக இருந்தவை பல கழன்று விழுந்தன. எல்லாமே விழுந்துவிடவில்லை. பறவை பார்க்கிறவர்கள் நாளும் இடமும் போட்டுப் பதிகிற தளம் ஒன்று நின்றது. செல் பிரிவதை நுண்ணோக்கியில் எடுத்த காணொளிகளும், அவற்றை எடுத்த ஆய்வகத்தின் பெயரும் உள்ள தளம் நின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் என்னென்ன திருத்தினோம் என்று சொல்கிற இலவசப் பாடநூல் நின்றது. தமிழில் ஓர் ஆசிரியை தனியாக நடத்துகிற தாவரப் பக்கம் நின்றது. அதில் ஒவ்வொரு செடியையும் அவரே போய்ப் பார்த்து எழுதியிருந்தார், வாசகர்கள் சொன்ன திருத்தங்களை அப்படியே கீழே வைத்திருந்தார். அதைக் கண்டபோது சூசை மிக்கேலுக்குச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பது சுருங்கி ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. கூட்டிவைத்ததைவிடக் கழித்தது அவருக்குத் தெம்பாக இருந்தது. இப்போது எவர் வந்து கேட்டாலும், இந்தத் தளம் ஏன் இருக்கிறது, அது ஏன் இல்லை என்று அவரால் சொல்ல முடியும்.

அட்டைப் படத்தையும் நீக்கினார். காகிதத்தின் மேலிருந்த சங்கைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, போனில் நாலு பக்கமும் படம் எடுத்து அட்டையில் போட்டார். பிறகு தட்டச்சு செய்ய உட்கார்ந்தவர் தலையைத் தூக்கினார்.

"மேடம், இது எங்க கிடைச்சுது?"

இசக்கியம்மாள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "முயல் தீவுப் பக்கம் சார். ரெண்டு வருசம் முன்னால கரையில கெடந்துது. நானே எடுத்தேன்."

சூசை மிக்கேல் அதையும் படத்துக்குக் கீழே எழுதினார். கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

"இப்ப பாருங்க. இனி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது."

இசக்கியம்மாள் மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாக வாசித்தார். கடைசி வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சூசை மிக்கேலுக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது. கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தன் பெயரை எழுதினார், பள்ளியின் பெயரை எழுதினார். கைபேசி எண்ணையும் போட்டு, "பிழை கண்டால் சொல்லுங்கள்" என்று முடித்தார். எழுதியதை ஒருமுறை வாசித்தார். கடைசி பெஞ்சு நினைவுக்கு வந்தது.

"எழுதியாச்சு மேடம். ஆனா என்கிட்ட வந்து எந்தப் பிள்ளை சொல்லும்?"

"ஒரு பிள்ளை ஏற்கெனவே சொல்லியாச்சுலா சார்," என்றார் இசக்கியம்மாள். "அவ பேரு என்ன? அந்தப் படத்துக்குக் கீழே, திருத்தினது யாருன்னு போடுங்க."