கால்வாய்க்கரையில் காரைத் திருப்புதல்

காய்ந்த குளம் ஒன்றில் முத்துவடிவு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். பெரிய ஆட்களின் பாதுகாப்பு வண்டிகளை ஓட்டுகிறவர்கள் அவரிடம் பழக வருவார்கள். வாடகைக் கார் ஓட்டும் பால்வண்ணனும் வந்து சேர்ந்தார். ஆசிரியையைவிட வயதில் ரொம்ப மூத்தவர்.

"வண்டியைச் சட்டுனு திருப்பணும் டீச்சர். அது மட்டும் போதும்."

முத்துவடிவு செய்து காட்டினார். வேகமாகப் போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பின்பக்கத்தைச் சுழற்றினார். பிறகு ரிவர்ஸில் விரைந்து, ஸ்டியரிங்கை ஒடித்து முன்பக்கத்தைச் சுழற்றினார். கடைசியில், முன்னும் பின்னுமாக நகர்த்தி நிதானமாகத் திருப்பினார்.

பால்வண்ணன் மூன்றையும் பழகினார். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் புழுதிக்குள் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் கேட்டார். "இதுல எது சீக்கிரம்?"

"ரோட்டைப் பொறுத்தது, அண்ணாச்சி. எந்த ரோடு?"

"வாங்க, காட்டுதேன்."

கால்வாய்க்கரை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் பாதை. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் தாண்டி, கொஞ்சம் தள்ளிப் பால்வண்ணன் காரை நிறுத்தினார்.

"எம்மவ கோமதியைக் கட்டிக்கொடுத்த வீடு. புருஷன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தவளை, சமாதானம் சொல்லி நாந்தான் கொண்டுவந்து விட்டேன். இந்த இடத்துக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தா, வாசல்ல நின்னு 'அப்பா, அப்பா'ங்கா. ரெண்டு பேரு அவ கையைப் பிடிச்சு இழுக்காங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"இங்க எப்படித் திருப்ப? மெயின் ரோடு வரைக்கும் போய்த் திருப்பிட்டு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. 'அவ தூங்குதா, காலையில வாங்க'ன்னுட்டாங்க."

"காலையில?"

"பொணத்தைத்தான் கொடுத்தாங்க."

கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க டீச்சர். மூணுல எது தெரிஞ்சிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்?"

"இந்தப் பாதையில மூணுமே நடக்காது. வாங்க, போயிருவோம்."

"வேற வழி இருக்கு. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. மறைக்காதீங்க."

முத்துவடிவு தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். வந்த வழியே நடந்தார். பால்வண்ணன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துவடிவு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் வண்டியையே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் பால்வண்ணன். "இவ்வளவு பக்கமாவா இருந்துச்சு?"

"இவ்வளவு பக்கம்தான், அண்ணாச்சி."