பின்வாசல் கேட்ட நரி

செம்மண் குளம் ஒன்று. அதன் கரை நெடுக வெள்ளெலிகள் வளை தோண்டிக் குடியிருந்தன.

வெள்ளெலி வளைக்கு எப்போதும் இரண்டு வாசல். முன்வாசல் ஊருக்கே தெரியும். பின்வாசல் யாருக்கும் தெரியாது. வெளியே நின்று பார்த்தால் வெறும் மண் தரைதான். உள்ளேயிருந்து தலையால் ஒரு முட்டு முட்டினால் அப்பளம் மாதிரி உடையும். முன்வாசலில் ஆபத்து வந்தால் எலி பின்வாசலில் பறந்துவிடும். அதனால் பின்வாசல் இருக்கும் இடத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது. அதுதான் அந்தக் கரையின் வழக்கம்.

அந்த வழக்கத்தில் ஓட்டை போடத்தான் ஒரு நரி வந்து சேர்ந்தது. அதற்குக் கூட்டாளி ஒரு காட்டுப்பூனை. நரிக்கு நாக்கு நீளம். பூனைக்குப் பாய்ச்சல் வேகம்.

கிழக்கு வெளுத்ததும் நரி ஒரு வளையின் முன்வாசலில் வந்து குனியும். முகத்தைக் காட்டாது. குரல் மட்டும் உள்ளே போகும்.

"சிங்கராசா சபையிலிருந்து வளை விசாரணை அதிகாரி பேசுகிறேன்! உங்கள் பின்வாசல் சபைப் பதிவில் இல்லை. உடனே இடத்தைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் வளைக்கு மண் போட்டு மூடிவிடுவோம்! பேசி முடிக்கும்வரை நகரக் கூடாது. பக்கத்து வளைக்கு மூச்சுவிடக் கூடாது!"

சிங்கராசாவை அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் பயம் அதிகம். உள்ளே இருக்கும் எலிக்குக் கை கால் ஓடாது. "ஆவாரஞ்செடிக்குத் தெற்கே ரெண்டு முழம், ஐயா!" என்று உளறிவிடும். பூனை போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். நரி முன்வாசலைப் பறண்டும். பாவம், எலி பின்வாசலில் பாயும். பாய்ந்த இடம் பூனையின் வாய்.

இருபது நாளில் நாலு வளை காலி. எப்படிக் காலியானது என்று யாருக்கும் புரியவில்லை. போனவர்கள் வந்து சொல்ல முடியாதே!

சோணமுத்து என்ற எலி மட்டும் பாதி வாலோடு தப்பி வந்தது. "என்னை எவனும் ஏமாத்த முடியாது" என்று மார்தட்டித் திரிந்த எலி அது. "வால் எங்கேப்பா?" என்று கேட்டால், "பனைமட்டை விழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடும்.

கரையின் கடைசிக்கு முந்தின வளையில் ஒச்சாயி என்ற எலி இருந்தாள். அவளிடம் பேச்சுக் கொடுக்கவே எல்லோருக்கும் பயம். "கடலை விளைஞ்சிருக்கா, ஒச்சாயி?" என்று கேட்டால், அந்தக் கடலைக் காட்டை முதன்முதலில் உழுத மாட்டின் கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதிலிருந்து தொடங்குவாள். அவசரக்காரர்கள் அவள் வாசலைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

கடைசி வளையில் அவள் தங்கை இருளாயி. ஐந்து குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகிறது. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. இருளாயியோ, ஓணான் அதட்டினாலே மன்னிப்புக் கேட்கிறவள்.

அன்று காலை நரி ஒச்சாயியின் வாசலில் குனிந்தது.

"சிங்கராசா சபையிலிருந்து பேசுகிறேன்! உங்கள் பின்வாசல் எங்கே?"

ஒச்சாயிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளும் எலிதானே! உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் எதையும் நேராகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"பின்வாசலா, ஐயா? அதைத் தோண்டுனது பெரிய கதை. அந்த வருசம் ஐப்பசியில மழை. மழைன்னா மழை, உங்க ஊர் எங்க ஊர் மழை இல்லை. எங்க அத்தைக்கு அப்பத்தான் பல்வலி..."

"அத்தை இருக்கட்டும்! வாசலைச் சொல்லுங்கள்!"

"அதைத்தான்யா சொல்ல வர்றேன். பல்வலின்னதும் வேப்பங்குச்சி தேடிப் போனோம். போனா, வேப்பமரத்தடியில ஒரு பாம்புச் சட்டை கிடக்கு..."

மேலே மண் சரசரத்தது. இன்னொரு குரல் கிசுகிசுத்தது.

"டேய், என்னடா இவ்வளவு நேரம்? ஆடு வந்துரும்டா! கருவாயன் மோப்பம் பிடிச்சான்னா தொலைஞ்சோம்!"

"சும்மா இருடி! இதோ சொல்லிருவா!" என்று நரி பல்லைக் கடித்தது.

வெள்ளெலிக்குக் காது எப்பேர்ப்பட்ட காது! ஒச்சாயி அப்படியே நின்றாள்.

தினமும் வெயில் பனை உயரம் ஏறும்போது ஆட்டு மந்தை தண்ணிக்கு வரும். கூடவே கருவாயன் என்ற நாய் வரும். அது எலியைத் திரும்பியும் பார்க்காது. நரி வாடை அடித்தால் மட்டும் விடாது.

'சபை அதிகாரிக்கு ஆட்டு நாயைக் கண்டு என்ன பயம்?' என்று ஒச்சாயி யோசித்தாள். 'அவசரம் எனக்கில்லை. இவனுக்குத்தான் அவசரம்!'

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் குட்டிகள் முனகுவது கேட்டது. இவனை இங்கே விட்டால் அடுத்த வாசல் அதுதான். இருளாயி ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

ஒச்சாயி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"கேக்குறீங்களா, ஐயா?"

"கேட்கிறேன், சொல்லித் தொலையுங்கள்!"

"ஆவாரஞ்செடிக்குப் பக்கத்துல..."

மேலே பூனை ஓடும் சத்தம் கேட்டது.

"...தோண்டலாம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். அங்கே ஈரம் நிக்கும் பாருங்க. அதுக்கப்புறம் பனைமூட்டுக்குப் பக்கத்துல தோண்டுனோம்."

பூனை பனைமரத்தடிக்கு ஓடியது.

"அது மழையில இடிஞ்சு போச்சு. கடைசியா நெருஞ்சி முளைச்சிருக்குல்ல, அதுக்கு வடக்கே, பெரிய கல்லுக்குக் கீழே..."

பூனை கல்லடியில் போய்ப் பதுங்கியது. அங்கே இருந்தது கட்டெறும்புக் குழி. ஒச்சாயிக்கு அது நன்றாகவே தெரியும்.

"ஐயோ! அம்மா! மூக்கு!" என்று பூனை துள்ளியது.

"யாருங்கய்யா அங்கே அழறது?"

"சபை எழுத்தர்! அவருக்கு இளகின மனசு! நீங்கள் மேலே சொல்லுங்கள்!"

"தங்கமான மனுசரா இருப்பாரு போல. எழுத்தர்னதும் ஞாபகம் வருது, எங்க மாமனும் எழுத்தர் உத்தியோகத்துக்குத்தான் போனாரு. போற வழியில ஒரு தவளை..."

"போதும்!" நரி கால்மாற்றி நின்றது. வெயில் கரையில் பாதி ஏறிவிட்டது. "இந்த வாயாடி நமக்கு ஆக மாட்டா. வாடி, அடுத்த வளைக்குப் போவோம்!"

இரண்டு எட்டு வைத்த சத்தமும் கேட்டது.

"ஐயா! போயிராதீங்கய்யா! சொல்லிடறேன்!" என்று அலறினாள். "எனக்கு ஒரே ஒரு கவலைதான். இந்தக் கடலைக் காட்டுல தின்னு தின்னு உடம்பு பெருத்துப் போச்சு. பின்வாசல்ல இடுப்பு மாட்டிக்குது. அதுக்குச் சபையில தண்டனை உண்டா?"

நரி நின்றது. நாக்கு வெளியே தொங்கியது. மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொழுத்த எலியா! அது திரும்பி வந்து மறுபடியும் குனிந்தது.

"தண்டனை எல்லாம் இல்லை, அம்மா." குரலில் தேன் ஒழுகியது. "எவ்வளவு பெருத்திருக்கிறீர்கள்? நிதானமாகச் சொல்லுங்கள்."

நரியே நிதானம் என்று சொன்ன பிறகு ஒச்சாயிக்குக் கேட்கவா வேண்டும்! தை மாதம் என்ன தின்றாள், மாசி மாதம் என்ன தின்றாள் என்று தொடங்கினாள். மாசியைத் தாண்டிப் பங்குனிக்கு வந்தபோது கரைக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்டது. கிணிகிணி, கிணிகிணி!

பூனை பனைமரத்தில் ஏறிவிட்டது. நரி தலையைத் தூக்கும்போதே கருவாயன் கரை ஏறிவிட்டான். ஒரே குரைப்பு! நரி தண்ணீரில் விழுந்து, சேற்றில் புரண்டு, அக்கரையில் எழுந்து ஓடியது.

ஒச்சாயி முன்வாசலில் தலையை நீட்டினாள்.

"ஐயா, சித்திரை மாசம் இன்னும் சொல்லலையே!" என்று கத்தினாள்.

அன்று வெயில் தாழ, கரையில் எல்லா எலிகளும் கூடின. ஒச்சாயி நடந்ததைச் சொன்னாள். முதல் தடவையாக யாரும் எழுந்து போகவில்லை. அவள் சொல்லி முடித்ததும் சோணமுத்து மெல்ல முன்னால் வந்தது.

"பனைமட்டை விழலை," என்றது. "அவன்தான் கேட்டான். நான்தான் இடத்தைச் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. அதான் சொல்லலை."

பின்னால் ஒரு எலி களுக்கென்று சிரித்தது. ஒச்சாயி சட்டென்று திரும்பினாள்.

"யாருடா சிரிக்கிறது? அவன் குரலைக் கேட்டு நானே நடுங்கிப் போனேன். இப்ப நீ சிரிச்சா, நாளைக்கு ஏமாந்தவன் வாயைத் திறப்பானா? இன்னைக்காவது சொன்னானே, அது பெரிசு!"

அதன் பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"எனக்கு உன் மாதிரி பேச வராதே, அக்கா," என்றாள் இருளாயி. "நாளைக்கு அவன் என் வாசலுக்கு வந்தா நான் என்ன செய்யறது?"

"பேச வராட்டி என்ன? அவனைக் காத்திருக்க வை. அவனுக்கு இருக்கிறதே அந்தக் கொஞ்ச நேரந்தான். அதை நாம ஆளுக்குக் கொஞ்சம் தின்னுட்டா அவனுக்கு மிச்சம் இருக்காது."

ஒரு நாள் விட்டு நரி வந்தது. இந்தத் தடவை நேராகக் கடைசி வளைக்கு.

"சிங்கராசா சபையிலிருந்து பேசுகிறேன்! பின்வாசல் எங்கே?"

இருளாயிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து குட்டிகளும் மடியில் முண்டின. அவற்றைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் குரல் வந்தது.

"கொஞ்சம்... கொஞ்சம் இருங்க, ஐயா. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம்!"

முதல் குட்டிக்குப் பால் கொடுத்தாள். "ஆச்சா?" என்றது நரி. "இன்னொண்ணு இருக்குங்க." இரண்டாவது குட்டி. "ஆச்சா?" "இன்னொண்ணு இருக்குங்க." ஐந்தாவது குட்டி ஏப்பம் விட்டபோது, "ஆச்சா?" என்று நரி கத்தியது. "ஆச்சுங்க. ஆனா முதல் பிள்ளை மறுபடி அழறான்" என்றாள் இருளாயி. பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. கிணிகிணி என்று மணி கேட்டது.

மறுநாள் சோணமுத்துவின் வளை. "ஐயா, காது மந்தம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க!" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. நரி கத்திய கத்தலில் கருவாயன் வழக்கத்தைவிட முன்னதாகவே ஓடி வந்தான்! அதற்கடுத்த வளைக்காரன், "இதோ வர்றேன், இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடலை உரித்துத் தின்று தூங்கிவிட்டான்.

ஒரு வாரம் போனது. பூனைக்கு மூக்கு வீக்கம் வடியவில்லை. வயிறு ஒட்டிவிட்டது.

"எலி பிடிக்கலாம்னு கூட்டிட்டு வந்தே. கதை கேக்கத்தானாடா வந்தேன்?" என்று நரியின் முகத்தில் ஒரு பிறாண்டு பிறாண்டிவிட்டு அது தன் வழியில் போனது. நரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரல் போன பிறகு அதிகாரி ஏது? குளத்தின் அந்தப் பக்கம் போய் நண்டு தோண்டிப் பிழைக்கத் தொடங்கியது.

இருளாயியின் குட்டிகள் கண் திறந்தன. கண் திறந்ததும் ஐந்தும் முதலில் பார்த்தது, முன்வாசலில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்த பெரியம்மாவை. அப்போது ஆடி மாதம் வரைக்கும் வந்திருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் யாரும் இப்போது இல்லை. பாதி வாலோடு சோணமுத்துகூட முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தது.

அவசரப்படுத்தி ஏமாற்ற வருகிறவனிடம் நம் ரகசியத்தைக் கொடுக்காமல் அவனுடைய நேரத்தை நாம் வாங்கிக்கொண்டால், நாமும் பிழைப்போம், அடுத்து ஏமாற இருந்தவரும் பிழைப்பார்.